காலடியில் கிடக்கும் கலைச் செல்வம்

காலால் மிதிக்கும் பொருளைக் கண்ணால் கண்டு களிக்கும் கலைப்பொருளாக உயர்த்திய பெருமை ஆசியக் கண்டத்து நெசவாளருக்கு உரியது. துருக்கி, பாரசீகம், கோக்கேசிய மலைநாடு, துருக்மேனியா, ஆப்கானிஸ்தான் முதலிய தேசங்களிலே முடியப்பட்ட விரிப்புகளைக் கீழைத்தேயக் கம்பளங்கள் என்று உலகம் அழைக்கின்றது. பல நிறம் கூடிய கம்பளத்தை 'இரத்தினக் கம்பளம்' என்று வழங்குவது தமிழ் மரபு. மன்னரும் செல்வரும் விரித்த விரிப்புகள் மட்டுமல்ல, ஆட்டு மந்தையோடு அலைந்து திரிந்த குலமக்கள் தம் கூடாரத்துக்கென்றும் ஒட்டகத்துக்கென்றும் நெய்துகொண்ட பைகளும் திரைகளுங்கூட இன்று பெரிய நூதனசாலைகளிலே கண்ணாடிக்குள் வைத்துப் போற்றப்படுகின்றன. ஆயினும், விலைச்சீட்டைப் பார்க்கத் தெரிந்த அளவுக்குக் கம்பளத்தைப் பார்க்க நம்மிற் பலருக்குத் தெரிவதில்லை. அதனைப் பார்க்கும் முறையைச் சிறிது ஆராய்வோம்.

பனிக்குள் உறங்கிய கம்பளம்

1949ஆம் ஆண்டிலே சைபீரியாவின் தெற்கேயுள்ள அல்த்தாய் மலைப்பகுதியில், பசிரிக் என்னும் பள்ளத்தாக்கில், செர்கெய் ருதெங்கோ என்ற சோவியத் புதைபொருள் ஆராய்ச்சியாளர் பண்டைக்காலத் தலைவன் ஒருவனுடைய சமாதியை அகழ்ந்தார். முன்னொரு காலத்தில் கள்வர் அதனைத் துளைத்துப் பொன்னையும் மணியையும் கவர்ந்து சென்றிருந்தனர். அவர்கள் இட்ட துளை வழியே நீர் உட்புகுந்து பனிக்கட்டியாய் உறைந்தது. கள்வர் பொருட்படுத்தாது விட்ட கம்பளம் ஒன்று அப்பனிக்குள் ஏறக்குறைய 2,400 ஆண்டுகள் கெடாமற் கிடந்தது. ஆறடி அகலமும் ஆறரை அடி நீளமுங் கொண்ட அக்கம்பளத்தின் கரையிலே குதிரை வீரர்கள் வரிசையாகச் செல்ல, மற்றொரு வரிசையிலே மான்கள் மேய்கின்றன. சதுர அங்குலமொன்றுக்கு ஏறக்குறைய 230 முடிச்சுகள்! நாம் அறிந்த முடிச்சுக் கம்பளங்களுள் முழுமையாகக் கிடைத்தவற்றிலே மிகப் பழையது இதுவே. இன்று சென் பீற்றர்ஸ்பேர்க் நகரத்து ஹெர்மிற்றாஜ் நூதனசாலையில் இருக்கின்றது. இத்துணை நேர்த்தி முதல் முயற்சியிலே கைகூடியிருக்க முடியாதாகையால், கம்பளக் கலை அன்றைக்கே முதிர்ந்த கலையாயிருந்தது என்பது தெளிவு.

முதுகு சொல்லும் உண்மை

சேலை வாங்கும் பெண்கள் துணியை மறுபுறம் திருப்பிப் பார்ப்பார்கள். கம்பளத்துக்கும் அதுவே முதற் பரீட்சை. கையால் முடிந்த கம்பளத்தின் முதுகிலே, முகப்பிலுள்ள கோலம் முழுவதும் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு முடிச்சும் சிறு மணிபோற் புடைத்து நிற்கும். வரிசைகள் சற்றே ஏறியும் இறங்கியும் செல்லும். இயந்திரக் கம்பளத்தின் முதுகோ அச்சிட்டாற்போல ஒரே சீராக இருக்கும். முதுகிலே துணியை வைத்துப் பசையால் ஒட்டியிருந்தால், அது நூற்குஞ்சங்களைத் துணியிற் குத்திச் செருகிய மலிவு வேலை என்று ஐயுறலாம்.

அடுத்து, இரு முனைகளிலுமுள்ள குஞ்சத்தைக் கவனியுங்கள். கைவேலையிலே அக்குஞ்சம் பாவு நூலின் மிச்சம். கம்பளத்தின் உடலுக்குள்ளிருந்தே வருவது. இயந்திர வேலையிற் பெரும்பாலும் அதனைத் தனியே செய்து பின்னர் தைத்திருப்பார்கள். மூன்றாவதாக, மயிர்ப்பரப்பை இரு விரல்களால் விலக்கி அடியை நோக்கினால், பாவு நூலைச் சுற்றிய முடிச்சு கண்ணுக்குப் புலனாகும்.

முடிச்சு இரு வகைப்படும். இரண்டு பாவு நூல்களையும் சமமாகச் சுற்றி, இரண்டுக்கும் நடுவே நுனிகள் வெளிவருவது துருக்கி முடிச்சு. ஒரு பாவு நூலை மட்டும் முழுதாகச் சுற்றி மற்றதன் பின்னாற் செல்வது பாரசீக முடிச்சு. பாரசீக முடிச்சுக்கு 'சென்னே' என்று ஓர் ஊரின் பெயரும் உண்டு. ஆனால் அவ்வூர்ப் பெண்கள் பெரும்பாலும் இட்டதோ துருக்கி முடிச்சு! ஆகவே, பெயரை மட்டும் நம்பி ஊரைத் தீர்மானிக்கலாகாது.

மயிர்ப்பரப்பே இல்லாத விரிப்புகளும் உள. அவற்றைக் கிலீம் என்பர். நம் வீட்டு ஜமக்காளத்தைப் போன்று தட்டையாய் நெய்யப்படுபவை அவை. இரு நிறங்கள் நேர்கோட்டிற் சந்திக்கும் இடத்திலே சிறு பிளவு இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் அப்பிளவுகளினூடாக ஒளி ஊடுருவுவதைக் காணலாம். அது குறையன்று; அந்நெசவின் இலக்கணம்.

வேரும் இலையும் தந்த நிறம்

பழைய கம்பளத்தின் உயிர் அதன் நிறம். சிவப்பு நிறத்தை மஞ்சிட்டி இனத்து வேரும், நீலத்தை அவுரியும் தந்தன. மாதுளந்தோல் முதலியவற்றிலிருந்து மஞ்சளைப் பெற்றனர். சாயம் நூலைப் பற்றிக்கொள்ளும் பொருட்டுப் படிகாரம் இட்டனர். மஞ்சிட்டிச் சிவப்புக்கும் நமக்கும் ஓர் உறவுண்டு. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மணற்றரைகளிற் கிண்டியெடுக்கப்பட்ட சாயவேரும் மஞ்சிட்டியும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கோப்பிச் செடியும் அக்குடும்பத்ததே. இரு வேர்களிலும் சிவப்பைத் தரும் முக்கியமான பொருள் அலிசரின் என்பதாம்.

1856இல் வில்லியம் பேர்க்கின் என்னும் பதினெட்டு வயது ஆங்கில மாணவர், கொயினா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்றபோது எதிர்பாராது ஊதாச் சாயமொன்றைக் கண்டார். 1868இல் ஜெர்மனியர் இருவர் அலிசரினையே ஆய்வுகூடத்திற் செய்துவிட்டனர். செயற்கைச் சாயங்கள் கீழைநாடுகளை நோக்கிப் பெருகின. ஆரம்பகாலச் சாயங்களுட் பல வெயில் பட்டதும் வெளிறின. நீர் பட்டதும் கசிந்தன. பாரசீக அரசு தடைவிதித்தும் அவை நின்றபாடில்லை. மயிரின் நுனி வெளிறி, அடி மட்டும் கடும் நிறமாயிருந்தால் இத்தகைய சாயம் என்று சந்தேகிக்கலாம். ஈரமான வெள்ளைத் துணியால் மெல்ல ஒற்றிப் பார்த்தால், நிலையாத சாயம் துணியிலே ஏறும். எனினும் செயற்கைச் சாயமெல்லாம் தீயன என்று சொல்வது தவறு. பின்னர் வந்தவற்றுள் உறுதியானவை பல உண்டு.

ஒரே சிவப்புத் தளத்தில் ஒரு பட்டை சற்று மங்கியும் மற்றது சற்று அடர்ந்தும் இருப்பதைக் கண்டு, 'இது பழுது' என்று பலர் ஒதுக்குவர். ஒரு பானைச் சாயம் தீர்ந்து மறுபானை தொடங்கியதன் அடையாளம் அது. அப்ராஷ் என்று அதற்குப் பெயரே உண்டு. பல வேளைகளில் அதுவே கைவேலையின் முத்திரை.

மாளிகையும் கூடாரமும்

இலண்டன் விக்ரோறியா அல்பேட் நூதனசாலையிலுள்ள அர்தபீல் கம்பளம் மாளிகைக் கலையின் சிகரம். 34 அடிக்கு மேல் நீளமுள்ள அதனிலே, ஹிஜ்ரி 946 (கி. பி. 1539-40) என்ற ஆண்டு நெய்யப்பட்டுள்ளது. வில்லியம் மொறிஸ் என்ற கலைஞரின் ஆலோசனையின்மேல் 1893இல் 2,000 பவுணுக்கு வாங்கப்பட்டது. அதிலே ஏறக்குறைய 2 கோடியே 60 இலட்சம் முடிச்சுகள் உள்ளன. ஒருவர் நாளொன்றுக்கு 6,000 முடிச்சுகள் இடுவாராயின், ஓய்வின்றி ஏறக்குறைய 12 ஆண்டுகள் தேவைப்படும்! ஓவியன் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்துப் பலர் கூடி முடிந்த வேலை அது. அதன் பாவும் ஊடையும் பட்டு.

இதற்கு நேர்மாறானது குலமக்களின் நெசவு. தரையிலே முளையடித்துக் கட்டிய படுக்கைத் தறி. இடம் பெயரும்போது சுருட்டிக் கொண்டுபோகலாம். பாவு நூலுக்கும் பருத்தியன்று, தம் மந்தையின் கம்பளியும் ஆட்டுமயிருமே. வரைபடம் கிடையாது, தாயிடம் மகள் கற்ற கோலம் மனத்திலே இருக்கும். ஆதலாற் கொடியும் மலரும் வளைந்து ஓடாமற் கோணங்களாய் நிமிர்ந்து நிற்கும்.

துருக்மேனியரின் செந்தளத்திலே வரிசை வரிசையாய் அமையும் எண்கோண உருவத்துக்குக் குல் என்று பெயர். தெக்கே, யோமுத், சாலோர் என்று குலந்தோறும் குல் வேறுபடும். புகாரா நகரச் சந்தையில் விற்கப்பட்டமையால் வணிகர் இவற்றையெல்லாம் 'புகாராக் கம்பளம்' என்று ஒரே பெயரால் அழைத்து, நெய்த குலத்தின் பெயரை மறைத்துவிட்டனர். யோமுத் குலத்திலே திருமணத்துக்கென ஐங்கோண வடிவில் இரண்டு அலங்காரத் துணிகளை நெய்வார்கள். மணமகள் ஏறிச் செல்லும் ஒட்டகத்தின் இருமருங்கிலும் அவற்றைத் தொங்கவிடுவது வழக்கம். அஸ்மாலிக் எனப்படும் அத்துணியைச் சுவரிலே மாட்டியிருப்பவர், அது ஓர் இளம்பெண்ணின் கல்யாணச் சிறப்பு என்பதை அறிந்திருத்தல் வேண்டும். 1930களிலே சோவியத் ஆட்சி நாடோடி வாழ்க்கையை ஒடுக்கியது. ஒட்டகப் பயணம் அருகவே அத்துணிக்கும் வேலை அற்றது. 1992இல் சுதந்திர துருக்மேனிஸ்தான் தன் தேசியக் கொடியிலே ஐந்து குல்களைப் பொறித்துக்கொண்டது.

எண்ணிக்கை ஒன்றே அளவுகோலா?

'சதுர அங்குலத்துக்கு எத்தனை முடிச்சு?' என்பதே கடைக்காரரும் வாடிக்கையாளரும் முதலிற் கேட்கும் கேள்வி. வளைந்தோடும் நகரக் கோலத்துக்கு நெருங்கிய முடிச்சு இன்றியமையாததுதான். ஆனால் குலமக்களின் கம்பளம் குறைந்த முடிச்சோடும் நிறத்தாலும் அமைப்பாலும் சிறந்து விளங்கலாம். இந்த எண்ணிக்கை மோகத்துக்கு மற்றொரு கொடிய பக்கமும் உண்டு. சின்னஞ்சிறு விரல்களே நுண்ணிய முடிச்சிடும் என்ற பொய்யைச் சொல்லித் தென்னாசியாவிலே எத்தனையோ சிறுவரைத் தறியின் முன் இருத்தினர். நுண்ணிய வேலையைத் தேர்ந்த பெரியவர்களே செய்யவல்லர். கைலாஷ் சத்தியார்த்தி முதலியோரின் முயற்சியால் 1994இல், குழந்தை உழைப்பின்றிச் செய்த கம்பளத்துக்கு அடையாளச் சீட்டு வழங்கும் இயக்கம் தோன்றியது. 2014இல் அவர் சமாதானத்துக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். அவ்வியக்கத்தின் சீட்டு இப்போது குட்வீவ் என்ற பெயரில் வழங்குகின்றது. கம்பளம் வாங்குவோர் முடிச்சை எண்ணுமுன் அச்சீட்டு உண்டா என்று கேட்பது நன்று.

நலிந்த கலை மீளவும் கூடும் என்பதற்குச் சான்றும் இருக்கின்றது. 1980களின் தொடக்கத்திலே, ஹரால்ட் போமர் என்ற ஜெர்மன் இரசாயன அறிஞர் பழைய கம்பளங்களின் சாயத்தைப் பகுத்தாராய்ந்து, மேற்குத் துருக்கியின் கிராமத்தாருக்கு மறந்துபோன வேர்ச்சாய முறையைத் திரும்பக் கற்பித்தார். அங்கே பெண்கள் கூட்டுறவாய் நெய்து, தம் பெயரிலேயே கம்பளம் விற்றனர். பாரசீகத்தின் பார்ஸ், காஷான் பகுதிகளின் கம்பள நெசவை 2010இலும், துருக்மேனியக் கம்பளக் கலையை 2019இலும் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களாகப் பதிந்துகொண்டது.

நம்மிற் பலர் இத்தகைய கம்பளத்தை வாங்கப் போவதில்லை. அதனால் நட்டமும் இல்லை. நூதனசாலையிலோ நண்பர் வீட்டிலோ ஒன்றைக் காண நேரும்போது, உரியவரின் அனுமதியோடு மூலையை மெல்லத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடிக்குள் இருப்பதாயின் கரையையும் குஞ்சத்தையும் நிறப் பட்டைகளையும் உற்று நோக்குங்கள். எந்தக் குலத்துப் பெண், எந்த மந்தையின் கம்பளியை, எந்த வேரிலே தோய்த்து, எதற்காக நெய்தாள் என்று வினவுங்கள். அவ்வினாக்களுக்கு விடை தேடப் பழகிய மாணவர், நம்மூர்ப் பன்பாயையும் கைத்தறிச் சேலையையும் அதே கண்ணோடு நோக்குவர் என்பதில் ஐயமில்லை.