உரியவரையே உள்ளே விடாத கணினி

கடவுச்சொல் தவறு என்று விண்டோஸ் கணினி திரும்பத் திரும்பச் சொன்னால், முதல் சந்தேகம் விசைப்பலகை மேல் விழ வேண்டும். கடவுச்சொல்லைத் தட்டத் தொடங்கியதும் பெட்டியின் வலது ஓரத்தில் கண் போன்ற ஒரு குறி தோன்றும். அதை அழுத்திப் பிடித்தால் புள்ளிகள் மறைந்து, தட்டிய எழுத்துகள் அப்படியே தெரியும். பாதிச் சிக்கல்கள் அங்கேயே வெளிப்பட்டுவிடும். கேப்ஸ் லாக் விழுந்திருக்கலாம். எண்களுக்குத் தனிப் பகுதி இல்லாத பழைய மடிக்கணினிகளில் நம் லாக் (Num Lock) விழுந்தால் ஜே விசை 1 என்றும் கே விசை 2 என்றும் பதியும். தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்திருந்தால், பூட்டுத் திரையிலும் அது தேர்வாகி நிற்கக்கூடும். அப்போது ஹெச் விசையைத் தட்டினால் ‘க’ விழும். திரையின் கீழ் வலது மூலையில் உள்ள மொழிக் குறியைச் சொடுக்கி ஆங்கிலத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

சில சமயம் ஒரு விசை மட்டும் செத்துப்போயிருக்கும். பெட்டிக்குள் விழும் புள்ளிகளை எண்ணிப் பார்த்தால் போதும். எட்டு எழுத்துக் கடவுச்சொல்லுக்கு ஏழு புள்ளிகள் விழுந்தால் விஷயம் புரிந்துவிடும். அதே மூலையில் உள்ள அணுகல் வசதிகள் குறியைத் தொட்டால் வரும் பட்டியலிலிருந்து திரையிலேயே ஒரு விசைப்பலகையை வரவழைக்கலாம். சுட்டியால் தட்டி உள்ளே போகலாம்.

அடுத்தது, கணினி எதைக் கேட்கிறது என்பது. பின் எண் வேறு, கடவுச்சொல் வேறு. பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. கைப்பேசியில் மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினாலும் பின் எண் மாறாது. இணையம் இல்லாத கணினிக்கு அந்த மாற்றம் தெரியாது. அது பழைய கடவுச்சொல்லையே எதிர்பார்க்கும். தாய்ப்பலகையை மாற்றிய பிறகோ, பயாஸ் புதுப்பிப்புக்குப் பிறகோ பின் எண்ணே வேலை செய்யாமல் போவதும் உண்டு. உள்நுழைவு விருப்பங்களைச் சொடுக்கி, கடவுச்சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆத்திரத்தில் தட்டிக்கொண்டே இருப்பது நிலைமையை மோசமாக்கும். புதிதாக நிறுவிய விண்டோஸ் 11-இல், 22ஹெச்2 பதிப்பு முதல், 10 முறை தவறினால் கணக்கு 10 நிமிடம் பூட்டிக்கொள்ளும்.

கடவுச்சொல் உண்மையாகவே மறந்திருந்தால், கணக்கின் வகையைப் பொறுத்து வழி மாறும். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் கைப்பேசியில் அதை மாற்றியமைத்துவிட்டு, கணினியைப் பூட்டுத் திரையிலேயே வைஃபையில் இணைத்து, புதிய கடவுச்சொல்லைக் கொடுக்கலாம். அந்தக் கணினியில் மட்டும் இருக்கும் உள்ளூர்க் கணக்கு என்றால், தொடங்கும்போது கேட்ட மூன்று பாதுகாப்புக் கேள்விகளின் பதில்கள் கைகொடுக்கும். அதுவும் இல்லையென்றால், அதே கணினியில் நிர்வாகி உரிமை உள்ள வேறொரு கணக்கிலிருந்து மாற்றலாம். ஆனால் அப்படி வெளியிலிருந்து மாற்றினால், விண்டோஸின் கோப்பு மறையாக்க வசதியால் பூட்டிய கோப்புகள் பிறகு திறக்காமல் போகலாம்.

கடவுச்சொல் சரி, ஆனாலும் உள்ளே போக முடியவில்லை என்பது வேறு வகைக் கோளாறு. பயனர் சுயவிவரச் சேவை தோல்வியுற்றது என்ற செய்தி வந்தால், அந்தப் பயனரின் அமைப்புகள் அடங்கிய கோப்பு சிதைந்திருக்கலாம். சில நேரம் ஒரு ரீஸ்டார்ட்டே போதும். இன்னொரு விதம், பார்ப்பவரை உண்மையிலேயே கலங்கடிப்பது: கணினி திறக்கிறது, ஆனால் முகப்பில் ஒரு கோப்பும் இல்லை. விண்டோஸ் தற்காலிக சுயவிவரம் ஒன்றைக் கொடுத்திருக்கிறது. பழைய படங்களும் கடிதங்களும் சி டிரைவின் யூசர்ஸ் கோப்புறைக்குள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். அந்த நிலையில் புதிதாக எதையும் முகப்பில் சேமிக்கக் கூடாது. வெளியேறியதும் அது அழிந்துவிடும். உள்ளதை முதலில் பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டு, பிறகு புதிய பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்குவது நல்லது.

திரையில் எச்சரிக்கையோடு ஒரு தொலைபேசி எண்ணும் வந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இருக்காது.

எதுவும் பலிக்காமல் கடைக்கு எடுத்துச் சென்றால், “ஃபார்மேட் பண்ணிடலாம்” என்ற பேச்சு சீக்கிரமே வரும். அதற்கு உடனே தலையாட்டக் கூடாது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் வரும் நீலத் திரையில், கோப்புகளை வைத்துக்கொண்டு கணினியை மீட்டமைக்கும் வழி இருக்கிறது; நிறுவிய மென்பொருள்கள் போகும், சொந்தக் கோப்புகள் தங்கும். வட்டு, விண்டோஸின் வட்டு மறையாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டியிருந்தால் இதற்கு 48 இலக்க மீட்பு எண்ணைக் கணினி கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய பல புதிய கணினிகளில் இந்தப் பூட்டு தானாகவே விழுந்திருக்கும்; எண் அந்தக் கணக்கின் இணையப் பக்கத்திலேயே சேமிக்கப்பட்டிருக்கும். அந்த எண் இல்லாமல் வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் உள்ளிருப்பதைப் படிக்க முடியாது.