நெல் குத்துதலும் எளிய தொழில்நுட்பத்தின் விளைவுகளும்

மாணவர்களே, மன்னார் மாவட்டத்தின் நெல்வயல்கள் பெரும்பாலும் தீவில் அல்ல, பெருநிலப்பரப்பிலேயே உள்ளன. அருவியாற்று நீரைப் பெறும் கட்டுக்கரைக்குளத்தை நம்பி முருங்கன், நானாட்டான் முதலிய பகுதிகளில் நெல் விளைகிறது. நெல்லை அரிசியாக்கும் முறை மாறியபோது அதனுடன் சேர்ந்து மாறியவை எவை என இங்கு நோக்குவோம்.

1. பாரம்பரிய முறை

நெல்லை ஊறவைத்து, அவித்து, வெயிலில் உலர்த்தி, உரலிலிட்டு உலக்கையால் குத்துவர். பின் சுளகால் புடைத்து உமியை நீக்குவர். இது பெரும்பாலும் பெண்களின் உழைப்பாகும். சிலர் தம் வீட்டுத் தேவைக்குக் குத்தினர். வறிய பெண்கள் சிலர் பிறர் வீட்டு நெல்லைக் கூலிக்குக் குத்தினர். இந்த வேறுபாட்டை மனதிற் கொள்க.

2. சிறிய அரிசி ஆலை

இதில் உருக்கு உருளையொன்று சுழலும்போது நெல்மணிகள் உராய்ந்து, உமியும் தவிடும் ஒரே தடவையில் நீங்குகின்றன. நாள் முழுவதும் குத்தவேண்டிய நெல் குறுகிய நேரத்தில் அரிசியாகிறது. ஆயினும் அரிசி கூடுதலாக உடைவதுடன், தவிட்டுடன் உமித்தூளும் கலந்துவிடுகிறது.

3. விளைவுகள்

(அ) வீட்டுக்காகக் குத்திய பெண்ணின் உடல் வருத்தம் குறைந்தது, நேரம் மிஞ்சியது.

(ஆ) கூலிக்குக் குத்திய பெண் வருமானத்தை இழந்தாள். 1970களில் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் சிறிய ஆலைகள் பரவியபோது, நிலமற்ற குடும்பப் பெண்கள் பலருக்கு இந்நிலை ஏற்பட்டது.

(இ) தவிட்டுடன் விற்றமின் பி1 நீங்குகிறது. இதன் குறைபாடே பெரிபெரி நோய். இதே ஜாவாவில், 1890களில், தீட்டிய அரிசி உண்ட கோழிகள் இதையொத்த நோய்க்குள்ளாகி, தீட்டாத அரிசியால் குணமடைந்ததை டச்சு மருத்துவர் எய்க்மன் அவதானித்தார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெல்லை அவிக்கும்போது இவ்விற்றமினின் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குச் செல்கிறது. எனவே ஆலையில் தீட்டினாலும், பச்சையரிசியிலும் பார்க்கப் புழுங்கலரிசியில் அது கூடுதலாக எஞ்சும்.

4. விடையெழுதும்போது

“இயந்திரம் நன்மையானது” அல்லது “தீமையானது” என ஒரே வரியில் முடிக்காதீர்கள். யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு எனப் பிரித்து எழுதுங்கள். ஒரே ஆலை ஒரு வீட்டுக்கு ஓய்வையும் அடுத்த வீட்டுக்குப் பட்டினியையும் தரலாம்.

பயிற்சி: உமது கிராமத்தில் சிறிய ஆலையொன்று அமையவுள்ளது. கூலிக்கு நெல் குத்தும் பெண்களும் பயனடைய இரண்டு வழிகளைக் காரணங்களுடன் தருக.
(குறிப்பு: ஆலையின் உரிமை யாரிடம் இருக்கலாம் எனச் சிந்திக்க.)