சருகுக்குள் ஒரு வரைபடம்

மழை ஓய்ந்து பனி இறங்கியதும் கர்நாடகத்தின் மலெநாட்டுப் பகுதியில் ஒரு வேலை தொடங்கிவிடும். பாக்குத் தோப்புக்காரர்களும் கூலியாட்களும் பக்கத்துக் காட்டுக்குள் போய்ச் சருகைக் கூட்டி அள்ளி வருவார்கள். தோப்புக்கு அது மூடாக்கு. தொழுவத்தில் மாட்டுக்கு மெத்தை. சாணத்தோடு மக்கினால் எரு. தழையும் சருகும் எடுத்துக்கொள்வதற்கென்றே ‘சொப்பின பெட்டா’ என்று காட்டு நிலத்தில் தனி உரிமையே உண்டு. சொப்பு என்றால் தழை, பெட்டா என்றால் மலை.

அதே மாதங்களில் அதே சருகில் இன்னொரு ஜீவனும் காத்திருக்கும். கடுகளவே இருக்கும் இளம் உண்ணி. ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்பது அதன் அறிவியல் பெயர். அதன் எச்சிலில் கியாசனூர் காட்டுக் காய்ச்சலின் வைரஸ் இருக்கலாம்.

1957இல் ஷிமோகா மாவட்டம் சொரப் தாலுகாவில், கியாசனூர் காட்டை ஒட்டிய ஊர்களில் குரங்குகள் செத்து விழுந்தன. பின்னாலேயே மனிதர்களுக்கும் கடும் காய்ச்சல், உடம்பு வலி, ரத்தக்கசிவு. புனேயின் வைரஸ் ஆராய்ச்சி மையத்திலிருந்து டெல்ஃபர்ட் வொர்க் தலைமையில் ஆட்கள் வந்தார்கள். இந்தியாவில் அதுவரை தலைகாட்டாத மஞ்சள் காய்ச்சல் நுழைந்துவிட்டதோ என்பதுதான் முதல் பயம். பரிசோதனையில் தெரிந்ததோ வேறு: ரஷ்யக் காடுகளில் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் உண்ணி வைரஸுக்கு உறவான, புதிய ஒன்று. ஊர்க்காரர்கள் ஆராய்ச்சிக்குக் காத்திருக்கவில்லை. ‘மங்கன காயிலெ’, அதாவது குரங்கு நோய், என்று பெயர் வைத்துவிட்டார்கள். காய்ச்சல் கண்டவர்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பேர் வரை இறக்கிறார்கள்.

அங்கே வேலை பார்த்தவர்களில் கொலம்பியாக்காரரான ஹோர்ஹே போஷெல் எனக்குப் பிடித்தவர். தன் நாட்டில், மரம் வெட்டிச் சாய்க்கும்போது உச்சிக்கொப்பில் வாழும் கொசுக்கள் தரைக்கு வந்து விறகுவெட்டிகளுக்கு மஞ்சள் காய்ச்சலைக் கொடுப்பதைக் கண்ணால் பார்த்தவர். ஷிமோகாவிலும் அவர் கண் வைரஸோடு நிற்கவில்லை, காட்டின் ஓரத்துக்குப் போனது. மக்கள்தொகை பெருகுகிறது, காட்டைத் திருத்தி வயலாக்குகிறார்கள், மாடுகள் காட்டுக்குள் மேய்கின்றன. மாட்டால் இந்த வைரஸ் பரவுவதில்லை. ஆனால் வளர்ந்த உண்ணிக்கு மாட்டு ரத்தம்தான் விருந்து. குடித்துப் பருத்த பெண் உண்ணி தரையில் உதிர்ந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் எலி, மூஞ்சூறு, குரங்கு என்று ஏறிக்கொள்ளும். நோயுற்ற குரங்கு செத்ததும் உடல் குளிர, உண்ணிகள் இறங்கிச் சுற்றிலும் பரவும். அந்த இடத்தில் சருகு அள்ளப் போகிறவருக்கு வினை. 1980களின் தொடக்கத்தில் பெல்தங்கடி தாலுகாவில் முந்திரித் தோட்டத்துக்காகக் காடு அழிக்கப்பட்ட பிறகு வந்த பெரும் நோய்ப்பரவல், காட்டோரம் பற்றிப் போஷெல் 1969இல் எழுதியதற்கு அடிக்குறிப்பு போல அமைந்தது.

அப்படியானால் அடுத்து எங்கே என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? வாழ்நாளின் பெரும்பகுதியை உண்ணி எந்த விலங்கின் மேலும் ஏறாமல் மண்ணில்தான் கழிக்கிறது. அங்கே ஈரப்பதம் குறைந்தால் காய்ந்து சாகும். ஆகவே மழை, வெப்பம், காட்டின் வகை ஆகியவை அதன் எல்லைகளைப் போடுகின்றன. நோய் வந்த ஊர்களைப் புள்ளிகளாக வைத்து, செயற்கைக்கோள் காட்டும் காட்டையும் கால்நடைக் கணக்கெடுப்பையும் அதன்மேல் அடுக்கி, அந்தப் புள்ளிகளுக்குப் பொதுவான சாயல் எது என்று கணினியைத் தேடவைக்கிறார்கள். அதே சாயல் வேறெங்கே தென்படுகிறதோ அங்கே சிவப்பு பூசப்படும்.

பிரிட்டன் ஆய்வாளர் பெத்தன் பர்ஸ், இந்திய நிறுவனங்களோடு சேர்ந்து ஷிமோகாவுக்கு இப்படியொரு வரைபடம் போட்டார், 2020இல் வெளியானது. சுகாதாரம், கால்நடை, வனம் என மூன்று துறையினரோடும் முதலிலேயே உட்கார்ந்து பேசிய பிறகுதான் கணக்கே தொடங்கியது. ஈரப் பசுமைக்காடும் தோப்பும் கலந்து கிடக்கும் இடம், நாட்டுமாடு அதிகமுள்ள இடம், இவையே ஆபத்து என்று வந்தது. 2014 முதல் 2018 வரையிலான நோய்ப்பதிவுகளை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, 2019இல் நோய் பரவிய போக்கை அது பெரும்பாலும் சரியாகவே காட்டியது. அந்தப் பருவத்தில்தான் சாகர் தாலுகாவின் அரளகோடு சாவுகளால் செய்தியில் அடிபட்டது.

ஐரோப்பாவின் கதையைக் கேட்டால் இந்த உற்சாகம் கொஞ்சம் தணியும். அங்கே, கியாசனூர் வைரஸின் அந்த உறவால் வரும் உண்ணி மூளைக்காய்ச்சல் நீடிக்க ஒரு நுட்பமான பொருத்தம் வேண்டும்: ஒரே எலியின் மேல் குஞ்சும் அதைவிட மூத்த இளம் உண்ணியும் ஒரே நேரத்தில் ரத்தம் குடிக்க வேண்டும். புவி சூடானால் இந்தப் பொருத்தம் குலையும், நோய் வடக்கே ஒதுங்கிச் சுருங்கும் என்று 2000ஆம் ஆண்டில் சாரா ராண்டால்ஃபும் டேவிட் ராஜர்ஸும் கணித்தார்கள். தர்க்கத்தில் பிழையில்லை. பிறகு நடந்ததோ, 2016இல் நெதர்லாந்திலும் 2019இல் இங்கிலாந்திலும் அந்த வைரஸ் கண்டறியப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியாவில் நோய் திடீரென எகிறியதற்கும் தட்பவெப்பம் மட்டும் காரணமில்லை என்று சொன்னவரும் ராண்டால்ஃப்தான். சோவியத் ஒன்றியம் உடைந்தது, வேலை போனது, மக்கள் காளானும் காட்டுப்பழமும் பொறுக்கக் காட்டுக்குள் போனார்கள். மழைமானியில் இதெல்லாம் பதிவாகுமா?

இன்னொரு சங்கடம், வரைபடத்துக்கான புள்ளிகளே. தேடிய இடத்தில்தான் புள்ளி விழும். அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கர்நாடகத்து நோயாகவே அறியப்பட்ட இது, 2012இல் மாநில எல்லையிலுள்ள பந்திப்பூரிலும் அதைத் தாண்டி நம் முதுமலையிலும் செத்த குரங்குகளில் தெரிந்தது; அடுத்து வயநாடு, 2015இல் கோவா, 2016இல் மகாராஷ்டிரத்தில் முந்திரி விளையும் சிந்துதுர்க். வைரஸ் புதிதாக நடந்து போனதா, இல்லை அங்கேயே இருந்ததை நாம் இப்போதுதான் பார்த்தோமா? இரண்டும் இருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது.

எந்த ஊர் என்பதை வரைபடம் சொல்லும். எந்த வாரம் என்பதை இன்றும் குரங்குதான் சொல்கிறது. காட்டில் விழுந்த உடல் வெயிலில் சீக்கிரமே அழுகிவிடும். அதற்குள் யாராவது பார்த்து, வனத்துறைக்குச் சொல்லி, மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியாக வேண்டும். பிறகு விழுந்த இடத்தைச் சுற்றிப் பூச்சிமருந்து தூவுவார்கள். பலன் குறைந்துபோன பழைய தடுப்பூசி 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஜனவரியில் சருகு கூட்டப் போகிறவரிடம், கை கால்களில் தடவிக்கொள்ளச் சுகாதாரத் துறை கொடுக்கும் உண்ணிவிரட்டி எண்ணெய் இருக்கிறது. தடவினால் சில மணி நேரம் தாங்கும்.