ஒரே அறை, பூட்டிய கதவு: ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் குழந்தைகள் எங்கே போய் விளையாடுவாங்க?

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் இருந்து ஒரகடம் பக்கம் திரும்பினால் கண்ணில் படுவது தொழிற்சாலைகள், கன்டெய்னர் லாரிகள், கம்பெனி பஸ்கள். உள்ளே கிராமங்களுக்குள் போனால் வரிசையாக லைன் வீடுகள். ஒரே அறையில்தான் சமையல், தூக்கம், படிப்பு எல்லாம். இந்த இடநெருக்கடி அங்கே வளரும் குழந்தைகளை என்ன செய்கிறது?

எப்படி வந்தது இந்த நெருக்கடி?

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாயின் சான்ட்ரோ கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ - நிசான் ஆலை வந்தது. வெளி மாவட்டங்களில் இருந்தும், பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களில் இருந்தும் வேலை தேடி வந்தார்கள். வேலை வந்த வேகத்துக்கு வீடு வரவில்லை.

வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்ட்டில் தமிழக அரசு திறந்தது. பெரிய விஷயம்தான். ஆனால், விடுதியில் கணக்கு படுக்கைக்குத்தான். குடும்பத்தோடு வந்தவர்களுக்கு இன்னமும் லைன் வீடுதான் கதி.

வீட்டுக்குள்ளேயே இருந்தால் என்ன ஆகும்?

அப்பா, அம்மா இரண்டு பேரும் ஷிப்ட்டுக்குப் போய்விட்டால், வாசலில் லாரி போகும் ரோடு. 'கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இரு' என்று சொல்வதைத் தவிர பெற்றோருக்கு வேறு வழி தெரிவதில்லை. மிஞ்சுவது செல்போன்தான்.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. 2 முதல் 4 வயதுக் குழந்தைகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஸ்கிரீன் பார்க்கக் கூடாது என்கிறது. கண் பார்வைக்கும் வெளி வெளிச்சம் முக்கியம். தைவானில் 2010-ல் பள்ளிக் குழந்தைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே அனுப்பும் திட்டம் வந்தது. அதுவரை கூடிக்கொண்டே போன பார்வைக் குறைபாடு, அதன் பிறகு குறையத் தொடங்கியது.

வறுமைதான் காரணமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 1990-களில் யுனெஸ்கோ ஆதரவோடு பல நாட்டு நகரங்களில் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. பெங்களூருவின் சத்யா நகர் குடிசைப் பகுதியில் தண்ணீர், கழிப்பறை வசதி மோசம். ஆனாலும் விளையாட இடம், நண்பர்கள், தெரிந்த முகங்கள் இருந்ததால் அங்கே குழந்தைகள் உற்சாகமாக இருந்தார்கள். வசதி அதிகம் உள்ள மெல்போர்ன் புறநகரில் பிள்ளைகள் 'போர் அடிக்குது' என்றார்கள். அதாவது, வீடு சின்னதாக இருப்பதைவிட, வெளியே போக முடியாததுதான் பெரிய பிரச்சினை.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியா 1992-ல் ஏற்ற ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு, விளையாட்டை உரிமை என்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி பள்ளிக்கு விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும். 30 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொல்லிவந்தது. ஆனால், பள்ளி விட்டு வரும் 8 வயதுப் பிள்ளை இதில் வராது.

பெற்றோர் எங்கே கேட்பது?

கிராம சபையில் உறுப்பினராக, அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் பலருக்கு அது இருக்காது. அரசுப் பள்ளிகளில் உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அந்த நிபந்தனை கிடையாது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பிள்ளை அங்கே படித்தால் போதும், எந்த மாநிலத்துக்காரரும் பேசலாம்.

மாலையில் பள்ளி மைதானத்தின் கேட்டை இரண்டு மணி நேரம் திறந்து வைத்து, பார்த்துக்கொள்ள ஒரு ஆள் போட வேண்டும் என்று அங்கே கேட்கலாம். இதற்குப் புது நிலம் தேவையில்லை. பூட்டைத் திறந்தால் போதும்.