ஆயாவுக்குத் தூக்கம் வரல: லாவெண்டர் வேலை செய்யுமா?

இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க ஆயா. வயசு 81, கள்ளக்குறிச்சியில இருக்காங்க. பிறந்து வளர்ந்தது கச்சிராயபாளையம் பக்கம், கல்வராயன் மலை அடிவாரம். ராத்திரி ஒன்றரை மணிக்கு முழிச்சா, விடியற வரை தூக்கம் கிடையாது. கழிப்பறை வீட்டுக்குப் பின்னாடி. இருட்டுல மூணு படி இறங்கணும். எனக்குப் பயமே அந்தப் படிதான்.

தூக்க மாத்திரை? அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பீர்ஸ் பட்டியல், பென்சோடயசிபைன் வகை மாத்திரைகளை 65 வயசுக்கு மேல தவிர்க்கச் சொல்லுது. குழப்பம் வரும், கீழே விழுந்து எலும்பு முறியும். அதனால பெங்களூருலேர்ந்து ஒரு டிஃப்யூசரும் லாவெண்டர் எண்ணெயும் வாங்கிட்டுப் போனேன். ரீல்ஸ் பார்த்து வாங்கினதுதான், ஆனா கொஞ்சம் படிக்கவும் செஞ்சேன்.

1995-ல் லான்செட் இதழில் ஒரு சின்ன ஆய்வு வந்தது. முதியோர் மனநலப் பிரிவில் இருந்தவர்களின் தூக்கத்தை ஆறு வாரம் கவனித்தார்கள். முதல் இரண்டு வாரம் வழக்கமான மாத்திரை. அடுத்த இரண்டு வாரம் எதுவும் இல்லை, தூக்கம் குறைந்தது. கடைசி இரண்டு வாரம் அறையில் லாவெண்டர் வாசனை, தூக்கம் பழைய அளவுக்குத் திரும்பியது. சூப்பர்ல? மொத்தம் எத்தனை பேர் தெரியுமா? நாலு பேர். நாலு யூசரை வச்சு டெஸ்ட் பண்ணிட்டு ரிலீஸ் போனா, என் டீம் லீட் என்னை விடமாட்டார். அதுக்கப்புறமும் ஆய்வுகள் வந்திருக்கு, பலதும் சின்னது. இன்னொரு சிக்கல், வாசனையை மறைக்க முடியாது. தனக்கு லாவெண்டர் கொடுத்திருக்காங்கன்னு மூக்கே காட்டிக்கொடுத்துடும்.

சரி, இது எப்படி வேலை செய்யுது? லாவெண்டர்ல முக்கியமான ஒரு பொருள் லினலூல். நம்ம கொத்தமல்லி விதை எண்ணெயிலயும் இது நிறைய இருக்கு. 2018-ல் ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தினர் எலிகளுக்கு லினலூல் வாசனை காட்டினார்கள். பதற்றம் குறைந்தது. மோப்ப சக்தியை இழந்த எலிகளிடம் அந்த மாற்றமே இல்லை. அதாவது, பலன் மூக்கு வழியாகத்தான் வந்தது.

இங்கதான் நான் மாட்டினேன். டிஃப்யூசரைப் போட்டதும் எனக்கு ஹால் வரைக்கும் வாசம் தூக்குது. பக்கத்துல படுத்திருந்த ஆயா, "என்ன சாமி, வெறும் ஆவிதான் வருது, வாசத்தையே காணோம்"ங்கிறாங்க.

யோசிச்சுப் பாருங்க, ரசம் தீய்ஞ்சதைக்கூட கொஞ்ச நாளா அவங்க கவனிக்கல. வயசானா மோப்பம் குறையும். 1984-ல் வந்த பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில், 80 வயதைத் தாண்டியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் மேல் மோப்பம் பெருமளவு குறைந்திருந்தது. யாருக்காக வாங்குறோமோ, அவங்களுக்கே சிக்னல் போய்ச் சேரல.

அப்புறம்தான் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். பிரஷருக்கான நீர் பிரியும் மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுட்டு இருந்தாங்க. டாக்டரைக் கேட்டோம், காலைக்கு மாத்திக் கொடுத்தார். நீங்களா மாத்தாதீங்க, கேட்டுட்டு மாத்துங்க. ஏற்கெனவே தூக்க மாத்திரை போடுறவங்க திடீர்னு நிறுத்தவும் கூடாது. மதியம் ரெண்டு மணி நேரத் தூக்கத்தையும் அரை மணியா குறைக்கச் சொன்னார். அதுக்குத்தான் ஆயா ரொம்பச் சண்டை போட்டாங்க.

இப்ப நாலு மணி வாக்கில ஒரு தடவை எழுந்திருக்காங்க. படிக்கு மேல சென்சார் பல்பு மாட்டிட்டேன். லாவெண்டர் பாட்டில் பீரோவுல, பட்டுப்புடவைக்கு நடுவுல இருக்கு.