வலி போனால் எலும்பு கூடிவிட்டதா?

"வலி அடியோடு போய்விட்டது, சார். இனி வேலைக்குப் போக என்ன தடை?" என்று கேட்டார் காசிமேட்டு நண்பர். நம்மிடம் பயிலும் மாணவன் ஒருவனின் தந்தை அவர். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டிகளை ஏற்றி இறக்கியே இருபது வருஷங்களைக் கழித்தவர். இடுப்பில் ஒரு முள்ளெலும்பு முன்புறம் நழுவி, காலுக்குச் செல்லும் நரம்பை நெருக்கிவிட்டது. வைத்தியர்கள் அதனை அடுத்த எலும்புடன் திருகாணிகளாலும் கம்பிகளாலும் பிணைத்து, இடையே எலும்புத் துணுக்குகளை வைத்துச் சிகிச்சை செய்தார்கள். நான்கே மாதங்களில் வலி மறைந்தது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! ஆகவேதான் அந்தக் கேள்வி.

துணைக்குச் சென்றிருந்த நாமும் வைத்தியரின் பதிலைக் கேட்டோம். நரம்பின் நெருக்கடி சிகிச்சையன்றே விலகிவிடும். எலும்பு கூடுவதற்கோ ஆறு மாதம் முதல் ஒரு வருஷம், சில வேளை அதற்கு மேலும் ஆகும் என்றார். கான்கிரீட் தளம் போட்டவுடன் அதன்மேல் யாரும் மூட்டை அடுக்குவதில்லை. தளம் இறுகும் வரையில் முட்டுக் கொடுத்திருப்பார்கள். முதுகில் வைத்த கம்பியும் அத்தகைய முட்டுதான். எலும்பு கூடுமுன் பாரம் ஏற்றினால், நாளடைவில் திருகாணி தளரும். கம்பியே ஒடிவதும் உண்டு.

கூடிவிட்டதா என்பதை எவ்வாறு அறிவது? முதலில் எக்ஸ்-ரே. திருகாணிகள் வைத்த இடத்தில் இருக்கின்றனவா என்பதை அது காட்டும். பின்னர், நோயாளியை முன்னும் பின்னும் வளையச் செய்து இரண்டு படங்கள் எடுப்பார்கள். பிணைத்த எலும்புகள் அப்போதும் ஒன்றையொன்று விட்டு அசைந்தால், இன்னும் கூடவில்லை என்று பொருள். ஆனால் எக்ஸ்-ரேயில் எல்லாம் ஒன்றன்மேலொன்று நிழலாய் விழும். ஐயம் தீராதபோது சி.டி. ஸ்கேன் உதவுகிறது. உடலை மெல்லிய வில்லைகளாக நறுக்கிப் பார்ப்பதுபோல் அது காட்டும். ஓர் எலும்பிலிருந்து மற்றதற்குப் புதிய எலும்பு பாலம் கட்டியிருக்கிறதா, திருகாணியைச் சுற்றித் தளர்ச்சியைக் காட்டும் கரு வளையம் இருக்கிறதா என்று அதில் தேடுவார்கள்.

இந்த விந்தையில் சென்னைக்கும் பங்குண்டு என்பதை நேயர்களில் எத்தனை பேர் அறிவர்? சென்னை சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியராய் இருந்த ஜி. என். ராமச்சந்திரன், 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பை வெளியிட்டார். எலும்பில் சுண்ணாம்புச் சத்துப் படிவது அந்தப் புரதத்தின் மீதுதான். அவரே 1971-இல் ஏ. வி. லக்ஷ்மிநாராயணனுடன் சேர்ந்து, பல கோணங்களில் எடுத்த நிழற்படங்களிலிருந்து முழு உருவத்தை மீட்கும் எளிய கணித வழியையும் கண்டார். அவ்வகைக் கணிதமே பிற்காலத்து ஸ்கேன் யந்திரங்களில் பெரிதும் கையாளப்பட்டது. எலும்பின் இழையை ஆராய்ந்தவரே அதனை உள்ளே காணும் வழிக்கும் உதவினார் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தியன்றோ?

எனினும் படமே தெய்வமன்று. எலும்பு கூடாமலே வலியின்றி இருப்பவர் உண்டு. கூடிய பின்னும் வலிப்பவர் உண்டு. படத்தையும் ஆளையும் சேர்த்துப் பார்த்தே வைத்தியர் முடிவு செய்வார். சி.டி.யில் கதிர்வீச்சு எக்ஸ்-ரேயைவிட அதிகம். ஆதலால் அவசியமின்றி அதைக் கேட்டு வாங்கலாகாது. புகை பிடிப்பது எலும்பு கூடுவதைத் தடுக்கும் என்பதையும் மறக்கலாகாது. நம் நண்பர் பீடியை விட்டது அதனால்தான்.

பதினோராம் மாதத்து ஸ்கேனில் பாலம் தெளிவாகத் தெரிந்தது. இடைப்பட்ட மாதங்களில் அவர் மனைவி மீன் கூடை சுமந்து குடும்பத்தைக் காத்தாள். இன்று அவர் துறைமுகத்தில் ஏலக் கணக்கு எழுதுகிறார். "அன்றைக்கே பெட்டியைத் தூக்கியிருந்தால்?" என்று நம்மிடம் கேட்டுத் தாமே தலையை அசைத்துக்கொண்டார். வலி நின்றதே போதும் என்று அவசரப்படும் ஒவ்வொருவரும் அக்கேள்வியை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நலம்.