முதல் ஒலிம்பிக்குக்குக் கைகொடுத்த 12 தபால்தலைகள்!

விளையாட்டுப் போட்டிக்குத் தபால்தலை வெளியிடுவது இன்றைக்கு ஒரு சடங்கு. அமைச்சர் வருவார், வெளியிடுவார், புகைப்படம் எடுப்பார்கள், முடிந்தது. ஆனால் உலகின் முதல் ஒலிம்பிக் தபால்தலைகள் அப்படிப் பிறந்தவை அல்ல. போட்டியை நடத்தக் கையில் காசில்லாததால் அச்சடிக்கப்பட்டவை!

1893-ல் கிரீஸ் அரசு திவாலானது. வாங்கிய கடனைக் கட்ட முடியாத நாட்டுக்கு ஒலிம்பிக் எதற்கு என்று எதிர்த்தார் பிரதமர் திரிகூபிஸ். 1895-ல் அவர் பதவி விலக, பட்டத்து இளவரசர் கான்ஸ்டன்டைன் பொறுப்பைக் கையில் எடுத்தார். அலெக்ஸாண்ட்ரியாவில் வியாபாரம் செய்துவந்த ஜார்ஜ் அவெரோஃப், பழைய ஏதென்ஸ் மைதானத்தைப் பளிங்கில் புதுப்பிக்க 9,20,000 டிராக்மா கொடுத்தார். அப்படியும் பணம் போதவில்லை. அப்போது உள்ளூர் தபால்தலை சேகரிப்பாளர்கள் கொடுத்த யோசனைதான், ஒலிம்பிக் பெயரில் தபால்தலை விற்பது. அதன்மூலம் சேர்ந்தது 4 லட்சம் டிராக்மா. நுழைவுச்சீட்டும் பதக்கமும் விற்று வந்தது 2 லட்சம்தான் என்றால், அந்தச் சின்னக் காகிதங்களின் பலம் புரியும்.

மொத்தம் 12 தபால்தலைகள், 8 படங்கள். பிரான்ஸைச் சேர்ந்த யூஜின் முஷோன் செதுக்கியவை. குறைந்த விலையான 1, 2 லெப்டா தலைகளில் குத்துச்சண்டை வீரர்கள். 5, 10 லெப்டாவில் வட்டெறியும் வீரனின் புகழ்பெற்ற சிலை. 25, 60 லெப்டாவில் தேரோட்டம். 1 டிராக்மாவில் மைதானம். உச்ச விலையான 10 டிராக்மாவில் அக்ரோபோலிஸ் குன்று. அந்தப் போட்டியில் ஓடிய, குதித்த ஒருவர் முகம்கூட இவற்றில் இல்லை. ஐந்து வளையங்களும் இல்லை. அவற்றை கூபெர்த்தன் வரைந்ததே 1913-ல்தான். ஆகவே, ஐந்து வளையம் போட்ட ஒரு பொருளை '1896 ஒரிஜினல்' என்று யாராவது நீட்டினால், பேரம் பேசாமல் நகர்ந்துவிடுங்கள்.

தேதியிலும் ஒரு குழப்பம் உண்டு. கிரீஸ் அப்போது பழைய ஜூலியன் காலண்டரைப் பின்பற்றியது. தபால்தலைகள் வெளியான மார்ச் 25, நம் காலண்டரில் ஏப்ரல் 6. போட்டி தொடங்கிய நாளும் அதுவே. அதனால் மார்ச் 25 முதல் ஏப்ரல் 3 வரை முத்திரை விழுந்த ஏதென்ஸ் உறை கிடைத்தால், அது போட்டி நடந்த நாள்களிலேயே தபாலில் போனது. விஷயம் தெரியாதவர், 'போட்டிக்கு முன்னாடி வந்த லெட்டர்' என்று ஒதுக்கிவிடுவார்.

மிச்சமான தலைகளையும் கிரீஸ் வீணாக்கவில்லை. 1900-1901 காலத்தில் மேலே புது விலை அச்சிட்டு மறுபடி விற்றது. இதற்கிடையே, காசு பார்க்கவே இப்படி நினைவுத் தபால்தலைகள் வெளியிடுகிறார்கள் என்று கொதித்த சேகரிப்பாளர்கள், 1895-லேயே லண்டனில் எதிர்ப்புச் சங்கம் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஏதென்ஸ் விஷயத்தில் அந்தக் காசு எங்கே போனது என்பது கண்ணெதிரே தெரிந்தது.

அடுத்து ஒலிம்பிக் நடத்திய பிரான்ஸ், அமெரிக்கா, பிரிட்டன், ஸ்வீடன் எதுவும் இதற்கெனத் தபால்தலை வெளியிடவில்லை. 1906-ல் கிரீஸ் மீண்டும் வெளியிட்டது. 1920-ல் பெல்ஜியம் மூன்று தலைகளைக் கூடுதல் விலையில் விற்றது. அந்தக் கூடுதல் பணம், முதல் உலகப்போரில் காயமடைந்த வீரர்களுக்கு.

தபால்தலைக்கு அப்பால் போனால் விலை தலைசுற்றும். 1896 மாரத்தானில் ஜெயித்த தண்ணீர் சுமக்கும் தொழிலாளி ஸ்பிரிடான் லூயிஸுக்கு, மிஷேல் பிரேயால் வழங்கிய வெள்ளிக்கோப்பையின் உயரம் வெறும் 15 செ.மீ. நூறாண்டுக்கும் மேலாகக் குடும்பத்தில் இருந்த அது, 2012-ல் லண்டன் ஏலத்தில் 5,41,250 பவுண்டுக்குப் போனது. வாங்கியது ஒரு கிரேக்க அறக்கட்டளை என்பதால் ஊர் திரும்பியது. பொதுமக்கள் பார்வைக்கும் வந்தது. ஒலிம்பிக்கை மீட்க வேண்டும் என்று கூபெர்த்தன் 1892-ல் எழுதிய உரையின் 14 பக்கக் கையெழுத்துப் பிரதி, 2019-ல் சுமார் 88 லட்சம் டாலர்!

நம் நாட்டுத் தலைகளைத் தேடுகிறவர்களுக்கும் நல்ல கதைகள் காத்திருக்கின்றன. எவரெஸ்ட் வெற்றிக்கு 1953-ல் இரண்டு தலைகள் வந்தன. 1966 ஆசியப் போட்டி ஹாக்கி தங்கத்துக்கு ஒன்று. மேற்கிந்தியத் தீவுகளையும் இங்கிலாந்தையும் அவர்கள் மண்ணிலேயே வென்றதற்கு 1971-ல் ஒன்று. 1928, 1932, 1936 என மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற தியான் சந்துக்கோ, அவர் மறைந்த மறு ஆண்டு, 1980-ல்தான் தபால்தலை கிடைத்தது. டெண்டுல்கருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. 2013 நவம்பர் 14, மும்பையில் அவரது கடைசி டெஸ்ட் தொடங்கிய நாளிலேயே வெளியிட்டார்கள்.

வீட்டில் தாத்தாவின் பழைய கடிதக் கட்டு இருந்தால், முதல் காரியம் கத்தரிக்கோலை எடுத்து வைத்துவிடுவது. 'ஸ்டாம்ப் மட்டும் போதும்' என்று வெட்டிவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. உறையோடு இருந்தால்தான் எங்கிருந்து, எந்த நாளில், யாருக்குப் போனது என்பது தெரியும். வெட்டிய பிறகு முத்திரையில் பாதிதான் மிஞ்சும், மறுபாதி குப்பையில். செலோடேப்பும் கோந்தும் வேண்டாம். விரலுக்குப் பதில் ட்வீசர். ஈரப்பதமுள்ள ஊர்களில், பயன்படுத்தாத தலையின் பின்பசை ஆல்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் அடிக்கடி திறந்து பார்ப்பது நல்லது. புதிய வெளியீடுகளை வாங்க, சென்னை அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வைப்புக் கணக்கு தொடங்கிப் பணம் கட்டிவைத்தால், புதுத் தலைகள் வீட்டுக்கே வந்துவிடும்.